காலடிக்கு முன்னே ஓடும் குரல்

நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், ஒரு சதுரம். அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மைக்கைப் பிடித்து அசைவுகளை அழைத்துச் சொல்லும் காலருக்குத்தான் தெரியும். பல நேரம் அவருக்கும் சில தாளங்களுக்கு முன்புதான் தெரிய வருகிறது. அமெரிக்க ஸ்கொயர் டான்ஸை நான் நேசிப்பது இதற்காகத்தான்.

இதேபோல் சதுரமாக ஆடும் ஐரோப்பாவின் குவாட்ரில் நடனங்களை ஆசிரியரிடம் பயின்றுதான் ஆட முடிந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆட்டத்துக்கு ஃபிடில் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள், அசைவுகளின் பெயரை அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் படிக்காதவரும் களத்தில் இறங்க முடிந்தது. ஃபில் ஜேமிசன் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த வேரை விரிவாகக் காட்டுகிறது. 1920களில் ஜாஸை வெறுத்த கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு ஸ்கொயர் டான்ஸை வெள்ளையரின் பழம்பெருமையாக முன்னிறுத்தினார். முதலில் குரல் கொடுத்தவர்களுக்கு உரிய பெயர் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

நல்ல காலரின் திறமை குரலினிமையோடு முடிவதில்லை. தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு ஜோடிகளின் முகத்தையும் இடத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வார். பிறகு எட்டுப் பேரையும் கலைத்துப் போட்டு, புதுப்புது வரிசையில் அழைப்புகளை அடுக்குவார். கண் அந்த ஜோடிகளைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். அவர்கள் சரியான இடத்துக்கு வந்த கணத்தில் ‘அலமாண்ட் லெஃப்ட்’ என்பார். எல்லோரும் அவரவர் துணையிடம் திரும்பிவிடுவார்கள். அழைப்பு ஒரு தாளம் பிந்தினால் கால்கள் நின்றுவிடும். முந்தினால் முந்தைய அசைவு அரைகுறையாகும். இசையையும் வடிவக் கணக்கையும் ஒரே மூச்சில் நடத்தும் இந்த வேலையைப் படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்தக் குரல் திறந்த கதவை அதன் மொழியே மெல்ல அடைத்தது. அழைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 1974இல் முதல் மாநாட்டைக் கூட்டிய காலர்களின் அமைப்பான காலர்லேப் அவற்றைப் படிநிலைகளாக ஒழுங்குபடுத்தியது. ஜப்பானியரும் ஜெர்மானியரும் அதே ஆங்கில அழைப்புகளுக்கு ஒரே சதுரத்தில் ஆட முடிவது அந்த ஒழுங்கால்தான். அது பெரிய கொடை. விலையும் பெரிது. ‘மெயின்ஸ்ட்ரீம்’ படிக்கே ஏறத்தாழ 70 அழைப்புகள். அதற்கு மேல் ‘பிளஸ்’. புதியவர் மன்றத்தில் சேர்ந்து ஆட மாதக்கணக்கில் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு மாலைக்கு வந்து ஆடிப்போக நினைப்பவருக்கு அங்கே இடம் குறைவு.

ரவுண்ட் டான்ஸில் மைக்கைப் பிடிக்கும் கியூயரின் நிலை வேறு. ஜோடிகள் வட்டமாகச் சுற்றும் அந்த வால்ட்ஸும் ரும்பாவும் குறிப்பிட்ட ஒரு பாட்டுக்கென முன்பே எழுதப்பட்டவை. கியூயர் எதையும் கலைப்பதில்லை. எழுதியதை அடிக்கு முன்னால் நினைவூட்டுகிறார். அதனால் ஒரே இரவில் பல நடனங்களை மனப்பாடமின்றி ஆடலாம். இழப்பு காதில் நேர்கிறது: பாடகரின் குரல் மேல் இன்னொரு குரல் விடாமல் ஏறுகிறது. குறிப்புகளும் பெரும்பாலும் ஆணின் கால்களுக்கே. பெண் அதை மனத்துக்குள் எதிர்க்காலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவு காலமாக இதை இயல்பென்று ஏற்றிருப்பது எனக்கு உறுத்துகிறது.

நியூ இங்கிலாந்தின் கான்ட்ரா நடனத்தில் காலர் முதலில் நடத்திக் காட்டுவார். சில சுற்றுகளுக்கு அழைப்பார். உடல்கள் பழகியதும் நிறுத்திவிடுவார். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதால் அது சாத்தியமாகிறது. ஸ்கொயர் டான்ஸ் காலரிடம் அதைக் கேட்க முடியாது. அவர் நிறுத்தினால் ஆட்டமே நிற்கும். கியூயரிடம் கேட்கலாம். பழகிய வால்ட்ஸின் இரண்டாம் சுற்றில் மைக்கைத் தாழ்த்தி, யாராவது தடுமாறும் இடத்தில் மட்டும் ஒரு சொல் கொடுத்தால் போதும்.