ராகவனின் முன்னுரை

சம்ஸ்கிருத அறிஞர் டாக்டர் வே. ராகவன் என்றதும் பலரும் போஜனின் ‘சிருங்காரப் பிரகாச’ ஆய்வுக்குப் போய்விடுகிறார்கள். 1966ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நூல். அதன் பெருமையை யார் மறுப்பது? என் கை மட்டும் எப்போதும் 1957ல் வந்த ‘ஸ்பிரிச்சுவல் ஹெரிடேஜ் ஆஃப் தியாகராஜா’வைத்தான் தேடும். கீர்த்தனைகளை மொழிபெயர்த்தவர் சி. ராமானுஜாசாரி. அதற்கு ராகவன் எழுதிய முன்னுரையே தனிப் புத்தகம் போடும் அளவு.

போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், புரந்தரதாசர் என்று திருவையாற்றுத் தியாகராஜருக்குப் பின்னால் நிற்கும் பக்தி மரபு முழுவதையும் அதில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நான் திரும்பத் திரும்பப் போவது நாதத்தையே வழிபாடாகக் கொள்ளும் நாதோபாசனைப் பாடல்களைப் பற்றிய பக்கங்களுக்கு. சாரமதி ராக ‘மோக்ஷமு கலதா’வில் பிராணனும் அனலும் கூடிப் பிரணவ நாதம் பிறக்கிறது, அதுவே ஏழு ஸ்வரங்களாகிறது. சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ‘சங்கீத ரத்னாகர’த்தில் சொன்ன அதே நாதோற்பத்தி! ஜகன்மோகினி ராக ‘சோபில்லு’வில் நாபி, இருதயம், கண்டம் என்று ஸ்வரங்களுக்கு உடலிலேயே இடம். இவற்றை அருகருகே வைத்துப் படித்த பிறகு, அந்தச் சாரமதிச் சரணத்தைப் பொருள் சிதறப் பிரித்துப் பாடினால் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

ராகவன் சாகித்யத்தைப் பிடித்துக்கொண்டு சங்கீதத்தை விட்டவர் என்பார் உண்டு. இசையியலாளர் சாம்பமூர்த்தியின் வரிசையான தொகுதிகளே போதும் என்பாரும் உண்டு. பரீட்சைக்குப் படிக்க அவை போதும்தான். ஆனால் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியோடு சேர்ந்து 1959ல் தமிழில் ‘பரதநாட்டியம்’ எழுதியவரை ஏட்டுச் சுரைக்காய் என்று எப்படி ஒதுக்குவது? சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த அதே திருவாரூரில் 1908ல் பிறந்தவர். அவர்களில் ஒருவரான முத்துசுவாமி தீக்ஷிதரின் சரித்திரத்தைச் சம்ஸ்கிருத மகாகாவியமாகவே பாடியவர்.

1944 முதல் 1979ல் மறையும் வரை சென்னை மியூசிக் அகாதெமியின் செயலாளராக இருந்தார். அந்தக் காலத்து டிசம்பர் காலைகளில் வித்வான்களும் பண்டிதர்களும் ஒரு ராகத்தின் லட்சணத்துக்காக மல்லுக்கட்டியதை அகாதெமி இதழின் பழைய தொகுதிகளில் இன்றும் படிக்கலாம். இப்போது பல சபைகளில் காலை உரை என்றால் திரையில் படம் ஓடுகிறது. சுலோகம் மூன்றாம் கை மாறி வருகிறது. எந்தச் சுவடி, எந்தப் பாடம் என்று கேட்க எழுந்தால் நேரம் முடிந்தது என்கிறார்கள். ராகவனின் கட்டுரைகளில் சுவடியும் அது இருக்கும் நூலகமும் அடிக்குறிப்பிலேயே இருக்கும்; சந்தேகம் வந்தால் தஞ்சாவூர்ச் சுவடி நூலகத்துக்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.