எஸ்பிரஸ்ஸோ யந்திரமும் ஒப்படைக்கலாகாத பொறுப்பும்

எஸ்பிரஸ்ஸோ என்னும் பானத்தைப் பற்றிப் பேசுவோர் கொட்டையின் ஜாதியையும், அது விளைந்த மலையின் உயரத்தையும், வறுத்த பக்குவத்தையும் சிலாகித்துப் பேசுகிற அளவுக்கு, அந்தக் கொட்டையின் குணங்களையெல்லாம் கோப்பைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற யந்திரத்தின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசக் காணோம். ஆனால் 1998இல் நிறுவப்பட்ட இத்தாலிய தேசிய எஸ்பிரஸ்ஸோ கழகம் இப்பானத்துக்கு வகுத்த இலக்கணத்தை எடுத்துப் பார்த்தால், 7 கிராம் தூள், 88 டிகிரி செல்சியஸ் உஷ்ணமுள்ள நீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி நேரம், 25 மில்லிலிட்டர் பானம் என்று அது எண்களாலேயே அமைந்திருப்பதும், தூளில் அரை கிராமுக்கும் நீரில் 2 டிகிரிக்கும் மேல் வித்தியாசம் நேரலாகாது என்று வரம்பு கட்டியிருப்பதும் புலனாகும். தூளின் எடையையும் அரைவையின் நயத்தையும் தொழிலாளி தன் கையால் திருத்திக்கொள்ளலாம். நீரின் உஷ்ணமும் அழுத்தமும் முழுக்க முழுக்க யந்திரத்தின் வசத்தில் இருப்பவை. ஆகவே, யந்திரத்தைப் பேணும் வேலை காப்பி போடும் வேலையின் ஒரு பகுதியே ஆகும் என்பதில் ஐயமில்லை.

அப்பகுதியைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் பிறரிடம் ஒப்படைத்துவிடுவதே இன்று நம் நகரங்களில் பெருவழக்காக இருக்கிறது. ஏ.எம்.சி. என்று வியாபாரிகள் சுருக்கமாகச் சொல்லும் வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் அதன் பொதுவான வடிவம். உதிரிப் பாகங்களின் விலையும் கூலியும் சேர்ந்தது ஒரு வகை. கூலி மாத்திரம் அடங்கியது மற்றொரு வகை. இரண்டிலும் மெக்கானிக் ஆண்டுக்குச் சில முறை தாமாகவே வந்து பார்ப்பதும், யந்திரம் நின்றுபோனால் அழைப்பின்பேரில் வருவதும் நிபந்தனைகள். இவ்வழக்கத்தின் குணம் எது, குற்றம் எது, காப்பிக் கடைக்காரர் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்பவற்றை நிதானமாக எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழக்கம் தோன்றியதற்கு நியாயமான சரித்திரக் காரணம் உண்டு. 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமைக்குப் பதிந்த யந்திரம், நிமிர்ந்து நின்ற ஒரு கொதிகலமும் அதிலிருந்து கிளைத்த சில குழாய்களும் திருகுகளுமே ஆகையால், அதை இயக்கத் தெரிந்தவர் அதைப் பிரித்துத் துடைக்கவும் கற்றுக்கொள்வது பெரிய சிரமமாக இருந்திராது. 1940களின் பிற்பகுதியில் அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோலையும் சுருள்வில்லையும் கொண்டு அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தியபோதும், அந்த அழுத்தம் தொழிலாளியின் புஜபலத்திலிருந்தே பிறந்தது. 1961இல் ஃபேமா நிறுவனம் வெளியிட்ட ஈ61 என்னும் யந்திரமோ அந்தப் புஜத்தின் ஸ்தானத்தில் மின்சாரப் பம்பைக் கொண்டுவந்து வைத்தது. அதன் பிறகு மின்காந்த வால்வு, நீர்மட்டத்தை உணரும் கம்பி, உஷ்ணத்தை ஆளும் மின்னணுப் பலகை என்று உறுப்புகள் பெருகப் பெருக, காப்பி போடுகிறவர் ஒருவர், யந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்தவர் வேறொருவர் என்ற பிரிவினை தவிர்க்க இயலாததாயிற்று. இத்தாலியில் இப்பிரிவினை இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. கொட்டை வறுத்து விற்கும் நிறுவனங்கள் சிறு கடைகளுக்கு யந்திரத்தையும் அரைவைக் கருவியையும் இரவலாகவே கொடுத்து, பழுதையும் தாமே பார்த்து, அதற்குப் பிரதியாக இன்ன அளவு கொட்டையைத் தம்மிடமே வாங்க வேண்டும் என்று பல்லாண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும் சம்பிரதாயம் அங்கே ஆழ வேரூன்றியிருக்கிறது.

ஒப்படைப்பதன் நன்மைகளை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் காப்பி இறக்கும் ‘டூ குரூப்’ யந்திரம் ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய். சிறு முதலீட்டில் கடை வைப்பவர் அதன் பழுதுச் செலவை முன்கூட்டியே ஒரு தொகையாக அறிந்து கணக்கில் எழுதிக்கொள்ள முடிவது சாமானிய சௌகரியமன்று. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வால்வையும் மின்பலகையையும் ஒவ்வொரு கடைக்காரரும் இருப்பு வைத்திருப்பது ஆகாத காரியம். பல கடைகளைப் பார்க்கும் நிறுவனம் அதைச் செய்ய முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீராவிக் கொதிகலம் என்பது ஏறக்குறைய 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில், 120 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் நாள் முழுதும் நின்றுகொண்டிருக்கிற பாத்திரம். அதன் பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் திறக்கிறதா, கொதிகலம் குளிரும்போது காற்றை உள்ளே விட்டு, குழாய் வழியே பால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் வால்வு வேலை செய்கிறதா, சூடேற்றும் சுருளின் மின்காப்பு பழுதுபடாமல் இருக்கிறதா என்பவையெல்லாம் பயிற்சி பெற்ற கை பார்க்க வேண்டியவை. அரைகுறை அறிவோடு இவற்றில் கை வைப்பவர் யந்திரத்தை மட்டுமன்றி அருகில் நிற்பவர்களின் உயிரையும் அபாயத்துக்கு உள்ளாக்குகிறார். இவ்வளவில் ஒப்பந்த முறை போற்றத்தக்கது. அதை வேண்டாமென்று சொல்வோர் பொறுப்புணர்ந்து பேசுகிறவர்கள் ஆகார்.

ஆனால் யந்திரத்தைக் கெடுக்கும் காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், மெக்கானிக்கின் கைக்கு எட்டுவனவற்றைக் காட்டிலும் எட்டாதனவே மிகுதி என்பது தெரியவரும். அவற்றுள் தலையாயது தண்ணீர். நம் ஊர்களின் ஆழ்குழாய் நீர் எப்படிப்பட்டது என்பதை வீட்டுக் கெய்சரில் உப்புப் பிடித்துப் பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) நீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வகுத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரைக்கும் பொறுத்துக்கொள்கிறது. அமெரிக்க ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் காப்பிக்கு உகந்த நீரின் கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 17 முதல் 85 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமென்று வரையறுத்தது. குடிக்கத் தகுந்த நீரெல்லாம் கொதிகலத்துக்குத் தகுந்த நீர் ஆகாது என்பதற்கு இவ்விரண்டு எண்களின் இடைவெளியே போதிய சாட்சி.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் நாளொன்றுக்கு 20 லிட்டர் யந்திரத்துக்குள் செல்கிறதென்றால், அதனோடு 6 கிராம் சுண்ணப் பொருள் உள்ளே செல்கிறது. ஆண்டொன்றில் அது 2 கிலோவைத் தாண்டுகிறது. அத்தனையும் உள்ளே தங்கிவிடுவதில்லை என்பது மெய்தான். கோப்பையோடும் கழிவோடும் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது. ஆயினும் பால் நுரைக்க நீராவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீர் மாத்திரம் ஆவியாகிப் போக, உப்பு கொதிகலத்திலேயே நின்று, அதன்மேல் புதுநீர் புதிய உப்போடு வந்து சேருகிற காரணத்தால், உள்ளிருக்கும் நீர் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறது. சூடேற்றும் சுருளின்மேல் இது ஓடாகப் படிந்து அதை வெந்துபோகச் செய்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்துளைகளை அடைத்துக் காப்பி இறங்கும் வேகத்தைக் குலைக்கிறது. நீரை மென்மையாக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டதாலும் கவலை தீர்ந்துவிடாது. அதன் பிசின் மணிகள் தம் சக்தி தீர்ந்ததை வெளியே காட்டாமல், கடின நீரை வந்தபடியே உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைச் சொட்டு மருந்தை நீரில் விட்டு நிறமாற்றத்தைப் பார்க்கிற கடைக்காரருக்கு மாத்திரமே அது தெரியும். இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்று: உப்புப் படிவால் நேரும் பழுது எங்கள் பொறுப்பன்று என்று பல ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த வியாதி மிகுதியாக வருமோ அந்த வியாதியையே விலக்கிவைத்துவிட்ட ஒப்பந்தத்தை நம்பி, கடைக்காரர் நிச்சிந்தையாக இருந்துவிடுவது எவ்வளவு பெரிய மயக்கம்!

இரண்டாவது காரணம் அன்றாடச் சுத்தம். காப்பியின் எண்ணெய்ப் பசை, கைப்பிடியைப் பொருத்தும் தலையாகிய குரூப்பின் உட்புறத்திலும், நீரைப் பூவாகத் தூவும் சல்லடைத் தட்டிலும், கைப்பிடிக்குள் இருக்கும் வடிதட்டிலும் படிந்து, இடைவிடாத வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுச் சிக்கு வாடை அடையத் தொடங்குகிறது. துளையில்லாத வடிதட்டில் சுத்திகரிப்புப் பொடியை இட்டு, பம்பைச் சில விநாடி ஓடவிட்டு நிறுத்தினால், வால்வு திறந்து அழுத்தம் பின்னோக்கிப் பாயும்போது அப்பசையும் கரைந்து கழிவுக்குழாய்க்குப் போய்விடும். பால் குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்து, ஒரு கணம் நீராவியைத் திறந்து விட்டால் உள்ளே பால் உறையாது. இரவில் கடை மூடுமுன் அரை மணி நேரத்துக்குள் முடிகிற இவ்வேலைகளை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற மெக்கானிக் எவ்வாறு செய்ய இயலும்? அவர் வந்து சுத்தம் செய்த மறுநாள் காப்பி நன்றாயிருப்பதும், அடுத்த வருகைவரை அது சிறிது சிறிதாகக் கைத்துக்கொண்டே போவதும், மாறுதல் மெதுவாக நடக்கிற காரணத்தால் கடையிலுள்ள ஒருவருக்குமே அது புலப்படாமற் போவதும் இம்முறையின் மறைமுகமான தீமைகள்.

மூன்றாவது, ஒப்பந்தம் நாள்காட்டியைப் பார்க்கிறது. தேய்மானமோ கோப்பைகளின் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது. நாளைக்கு 50 கோப்பை போடும் கடைக்கும் 500 கோப்பை போடும் கடைக்கும் ஒரே இடைவெளியில், கைப்பிடியின் விளிம்பில் நீர் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தை மாற்றுவது, முன்னதில் வீண்செலவு, பின்னதில் அலட்சியம். கைப்பிடியை இறுக்கும்போது அது வழக்கமான இடத்தைத் தாண்டிச் சென்றால் கேஸ்கெட் இறுகிப்போயிற்று என்பதையும், காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் சல்லடைத் துளைகளைப் பார்க்க வேண்டும் என்பதையும் அறிவிக்கிற அடையாளங்கள் தினந்தோறும் கையாளுகிறவரின் கைக்கும் கண்ணுக்குமே முதலில் எட்டுகின்றன. பராமரிப்பு தன் வேலையன்று என்று கற்பிக்கப்பட்ட தொழிலாளி அவ்வடையாளங்களைக் கண்டும் சொல்லமாட்டார்; சொல்லவேண்டியவை அவை என்பதும் அவருக்குத் தெரியாது.

கொட்டை விற்பவரே யந்திரத்தை இரவலாகக் கொடுக்கும் முறையில், இக்குறைகளோடு லாபநோக்கின் முரண்பாடும் சேர்ந்துகொள்கிறது. இனாம் என்று சொல்லப்படும் யந்திரத்தின் விலை கிலோக் கணக்கில் கொட்டையின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. யந்திரம் தமதல்லாததால் கடைக்காரருக்கு அதன்மேல் சிரத்தை குறைகிறது. விற்பனை நின்றுவிடாமல் யந்திரம் ஓடினாற் போதும் என்பதற்கு மேல் கொடுத்தவருக்கும் அக்கறை எழுவது அரிது. கொட்டையின் தரம் தாழ்ந்தாலும் வேறிடத்தில் வாங்கும் சுதந்திரம் கடைக்கு இல்லை. முதலில்லாத எளியவருக்குத் தொழிலின் வாசலைத் திறந்துவிடுகிறது என்ற பெரும் புண்ணியம் இம்முறைக்கு உண்டு. ஆனால் உள்ளே வந்தவரை நெடுநாள் அங்கேயே கட்டிப்போடுவதும் அதுவே.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்று எதிர்த்திசையில் ஓடுவதும் விவேகமாகாது. படிந்த உப்பைக் கரைக்க அமிலத்தைத் தாமே ஊற்றுகிறவர்கள், பெயர்ந்த ஓடுகள் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்வதையும், உலோகப் பூச்சு அரிக்கப்படுவதையும் பின்னரே காண்கிறார்கள். வந்த பிறகு கரைப்பதைவிட வராமல் தடுப்பதே மேல் என்பதுதான் அனுபவமுள்ளவர்களின் கொள்கை. உப்புக்கு அஞ்சி முழுக்க முழுக்க ஆர்.ஓ. நீரையே விடுகிறவர்கள் வேறொரு சங்கடத்தில் சிக்குகிறார்கள். கொதிகலத்தின் நீர்மட்டக் கம்பி, நீரின் வழியே மின்சாரம் பாய்வதைக் கொண்டுதான் மட்டத்தை அறிகிறது. தாதுக்கள் அறவே நீங்கிய நீர் மின்சாரத்தை நன்கு கடத்தாமையால், கலம் நிரம்பியும் நிரம்பவில்லை என்று கருதி யந்திரம் நீரை இழுத்துக்கொண்டேயிருக்கும். அத்தகைய நீர் உலோகத்தை அரிக்கும் இயல்பும், காப்பியின் ருசியைச் சப்பென்றாக்கும் குறையும் உடையது. ஆர்.ஓ. நீரோடு சிறிது மூலநீரைக் கலந்து விடுவதே நேரிய வழி. சுத்திகரிப்புப் பொடியிலும் அளவு உண்டு; ஈ61 வகை யந்திரத்தில் அதை மிகையாகப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் மசகும் கழுவப்பட்டு, நெம்புகோல் கிறீச்சிட்டுத் தேயத் தொடங்கும். அழுத்தத்தைப் பின்னோக்கி விடும் வால்வே இல்லாத பழைய சுருள்வில் யந்திரங்களிலோ துளையில்லா வடிதட்டை இடவே கூடாது. எனவே, சிரத்தை மட்டும் இருந்தாற் போதாது. தன் யந்திரத்தின் வகையறிந்த சிரத்தை வேண்டும்.

தொழிலாளிகள் அடிக்கடி மாறுகிறார்கள், யாருக்கென்று கற்றுக்கொடுப்பது என்பது கடைக்காரர்கள் சொல்லும் ஆட்சேபம். அதில் உண்மையில்லாமற் போகவில்லை. ஆயினும் ஷட்டர் இறங்கிய பிறகு சம்பளமின்றி நின்று யந்திரம் கழுவவேண்டும் என்று எதிர்பார்க்கிற கடையில் அவ்வேலை அரைமனத்தோடு நடப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கழுவும் அரை மணியையும் வேலைநேரத்தில் சேர்த்து, செய்முறையைத் தமிழில் எழுதி யந்திரத்தின் அருகே ஒட்டிவைத்து, செய்தவர் கையெழுத்திடும் நோட்டுப் புத்தகம் ஒன்றையும் வைத்துவிட்டால், ஆள் மாறினாலும் முறை மாறாது.

எடை போட்டதன் முடிவை இனிச் சொல்லலாம். அழுத்தம், மின்சாரம், பாதுகாப்பு வால்வு, உதிரிப் பாகம் ஆகிய நான்கும் ஒப்பந்தக்காரருக்கு உரியவை. அவற்றை ஒப்படைப்பது அறிவுடைமை. தண்ணீர், அன்றாடச் சுத்தம், கோப்பைக் கணக்கு, அடையாளங்களைக் கவனித்தல் ஆகிய நான்கும் கடைக்கு உரியவை. அவற்றை ஒப்படைப்பது பொறுப்பைத் துறப்பது. காப்பிக் கடை நடத்தும் அன்பர்கள் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அதில் விலக்கப்பட்டவை எவை என்ற பகுதியை முதலில் படிக்க வேண்டும். தம் கடைத் தண்ணீரை இந்த வாரத்திலேயே பரிசோதித்து, அதன் கடினத்தன்மை எத்தனை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓர் எண்ணை அறியாதவர் எவ்வளவு உயர்ந்த யந்திரத்தை வாங்கினாலும், எவ்வளவு பெரிய தொகைக்கு ஒப்பந்தம் செய்தாலும், தம் தொழிலின் அஸ்திவாரத்தைப் பாராமலே அதன்மேல் மாடி கட்டுகிறவரே ஆவார்.