பத்து நிமிட நடை

ரோல்ட் டால் 1988இல் எழுதிய ‘மட்டில்டா’வை வகுப்பில் விவாதித்தபோது, மாணவிகள் அந்தக் கொடூரத் தலைமையாசிரியையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு நாவலின் உச்சம் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அப்பா புத்தகம் வாங்கித்தர மறுத்த அன்று, நான்கு வயதுச் சிறுமி தனியாக ஊர் நூலகத்துக்கு நடக்கிறாள். பத்து நிமிட நடை. நூலகர் மிசஸ் பெல்ப்ஸிடம் அவள் முதலில் கேட்பது, கொஞ்ச நேரம் உட்கார்ந்து படிக்கலாமா என்பதைத்தான். அவள் வருவது அம்மாவுக்குத் தெரியாது என்று பிறகு அறிந்தும் நூலகர் அவளைத் திருப்பி அனுப்புவதில்லை.

அம்மா தினமும் பிங்கோ ஆடப் போனதால்தான் மகளுக்கு அந்த வழி திறந்தது. நாவலோ அந்த அம்மாவைக் கேலிதான் செய்கிறது. வீட்டில் இல்லாத தாய்க்கு டாலும் மன்னிப்புத் தரவில்லை.

எங்கள் ஊர்க் கிளை நூலகம் வீட்டுக்கு இன்னும் கிட்டே. நாற்காலிகள் எல்லாம் நாளிதழ் மேசையைச் சுற்றி இருக்கும், அவற்றில் ஆண்கள் இருப்பார்கள். உறுப்பினர் அட்டை அண்ணன் பெயரில். அம்மாவுக்கு நாவல் எடுத்துவர என்னை அனுப்புவார்கள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். நின்றபடியே, கை எட்டிய தட்டில், ஐந்து நிமிடத்தில் எடுத்த புத்தகங்கள்தான் என் ருசியைத் தீர்மானித்தன. பத்துப் பக்கம் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திரும்ப வைக்கும் சுகம் முனைவர் பட்ட ஆய்வின்போதுதான் கிடைத்தது. விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன். நூலகத்தை இரண்டாவது தாய்வீடு என்று நம் எழுத்தாளர்கள் உருகும்போதெல்லாம் அந்த நாற்காலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் உண்டு. மகளை முதன்முறை அழைத்துப்போய் வந்த இரவு, என்ன படித்தாய் என்று கேட்டேன். மரத்தைப் பற்றிச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தும் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை என்றாள். ஒரு புத்தகத்தின் பெயர்கூட வரவில்லை. அவ்வளவு தூரம் போனது இதற்குத்தானா என்று எரிச்சலாக இருந்தது. நாற்பது வயதில் எனக்கும் புத்தகக் கணக்குதான்.

அடுத்த ஞாயிறு எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை.

“நான் மட்டும் போய்ட்டு வரட்டுமாம்மா?”

“ரெண்டு பஸ் மாறணும்டி” என்றேன்.