ஒரு கரண்டி உறை

தயிர் நன்றாக உறைந்திருக்கும் நாளில் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புளித்துவிட்டால் பேச்சு வரும். நீர்த்துப்போனால் வரும். உறையாமலே இருந்துவிட்டால் "ராத்திரி உறை ஊத்தினியா இல்லையா?" என்று விசாரணைக் கமிஷனே உட்காரும். சரியாக உறைந்த தயிரோ பந்தியின் கடைசியில் வந்து, சோற்றோடு சோறாகக் கலந்து, ஒரு வார்த்தை நல்ல பேர் வாங்காமல் போய்விடும். சாம்பாரைப் புகழ்கிறோம், ரசத்தைப் புகழ்கிறோம், தொட்டுக்கொண்ட வடுமாங்காயைக்கூடப் புகழ்கிறோம். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்த வயிற்றை ஆற்றி அனுப்பிய தயிருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இந்தக் கட்டுரை அந்தப் பாக்கியில் கொஞ்சம் தீர்ப்பதற்காக.

பாத்திரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது. பக்கச் சுவரிலிருந்து ஒரு மயிரிழை விலகி நிற்கும், அவ்வளவுதான். மேலே இளமஞ்சளாக ஆடை. ஆடைக்குக் கீழே பால் இருந்த வெள்ளையைவிட ஒரு படி மங்கிய, கண்ணைக் கூசாத வெள்ளை. கரண்டியை இறக்கினால் சத்தமே வராது. வெட்டிய இடம் வெட்டியபடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் அந்தப் பள்ளத்தில் பச்சை கலந்த மஞ்சளில் தெளிவாகத் தண்ணீர் ஊறியிருக்கும். அதைச் சிலர் கொட்டுகிறார்கள். பாலின் சத்து கரைந்திருக்கும் தண்ணீர் அது. ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேர்த்துவிடுகிற கைகளுக்கு இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

நினைத்துப் பார்த்தால் இந்த நிற்பதுதான் அதிசயம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, வற்றவும் இல்லை. அத்தனையும் அதே பாத்திரத்தில் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. இரவு முழுவதும் நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த கேசின் என்ற புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் சக்தியை இழந்து கைகோத்துக்கொள்கின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் கணக்கில் பால் 6.6 அளவில் இருக்கும். அது 4.6ஐ நெருங்கும்போது வலை பின்னி முடிந்திருக்கும். தண்ணீர் அந்த வலைக்குள் அகப்பட்டு நிற்கிறது. உறையும்போது பாத்திரத்தை ஆட்டாதே என்று பெரியவர்கள் அதட்டியது இந்த வலைக்காகத்தான். பாதி பின்னிய வலை அறுந்தால் மறுபடி கூடாது, நீர் பிரிந்துவிடும்.

பாலைக் காய்ச்சுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காய்ச்சுவது கிருமி போவதற்கு என்றுதான் பள்ளியில் படித்தோம். தயிருக்கு இன்னொரு லாபமும் உண்டு. நன்றாகக் காய்ந்த பாலில் மோர்ப்புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. வலையின் இழைகள் தடிக்கின்றன, தயிர் கெட்டிப்படுகிறது. பொங்கின பிறகும் அடுப்பைத் தணித்துக் கொஞ்ச நேரம் பாலைக் காயவிடும் வீடுகளில் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருப்பதற்கு இதுவே காரணம். வேதியியல் படித்துவிட்டு யாரும் அப்படிக் காய்ச்சவில்லை.

பிறகு ஆறவைக்க வேண்டும். எவ்வளவு? இதற்குத் தெர்மாமீட்டர் வைத்திருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. சுட்டுவிரலின் நுனி போதும். விரல் சுடவும் கூடாது, விரலுக்கு ஒன்றும் தெரியாமலும் போகக்கூடாது. பாலில் விரலை விடுவதைச் சுத்தக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். அவர்கள் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடு அதிகமானால் உறையில் இருக்கும் உயிர்கள் செத்துப்போகும். குறைந்தால் சோம்பிக் கிடக்கும். சித்திரை வெயிலில் அரை லிட்டர் பாலுக்கு அரை ஸ்பூன் மோர் தாராளம். மார்கழியில் அதையே இரட்டிப்பாக்கி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கிவைக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே பால், ஒரே பாத்திரம் என்றாலும் வைகாசித் தயிரும் தைத் தயிரும் ஒன்றல்ல. நாள்காட்டியைப் பார்க்காமலே கை இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. கையளவு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதற்குள் எத்தனை பருவங்கள் அடங்கியிருக்கின்றன!

அந்த அரை ஸ்பூன்தான் எல்லாமே. சமையலறையில் மற்ற எதையும் கடைச்சாமானை வைத்துத் தொடங்கிவிடலாம். தயிரைத் தயிர் இல்லாமல் தொடங்க முடியாது. பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டும், புளித்துண்டைப் போட்டும் உறையவைப்பார்கள் என்பது உண்மைதான். அப்படி வரும் முதல் தயிர் பெரும்பாலும் சவலைப்பிள்ளை மாதிரி இருக்கும். அதிலிருந்து எடுத்து ஊற்றிய அடுத்த தயிர்தான் தேறும். ஆகவே இன்றைய தயிர் நேற்றைய தயிரின் கொடை, நேற்றையது முந்தாநாளையது. பின்னாலேயே போனால் எங்கோ ஒரு நாள் தயிர் தீர்ந்துபோய், உறை கெட்டுப்போய், கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்ற கணக்கு வரும். "அக்கா, உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்குமா?" இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்து நான் கேட்டதில்லை. ஓயாத குடும்பச் சண்டைக்குப் பெயர்போன வீட்டிலும் கிண்ணம் நிறையாமல் திரும்பாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. விளக்கு வைப்பதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். அந்திக்குப் பிறகு தயிரும் மோரும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது பல வீடுகளில் இன்னும் சட்டம். அவசரம் என்றால் சட்டத்துக்கும் சந்து கண்டுபிடிப்பார்கள், கொல்லைப்புறமாகக் கொடுப்பார்கள்.

சில நாள் தயிர் நூல் நூலாக இழுக்கும், கொழகொழக்கும். வேறு வகை நுண்ணுயிர் ஒன்று புகுந்து பிசின் சுரக்கிறது என்று பொருள். வாயில் வைக்கச் சகிக்காது. அப்போது என்ன பாடுபட்டாலும் அந்த உறை தேறாது. கொட்டிவிட்டு, பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் கழுவி, வெளியிலிருந்து உறை வாங்கித்தான் தொடங்க வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பக்கத்து வீட்டு உறையே எப்போதோ நம் வீட்டிலிருந்து போனதாக இருக்கலாம். கொடுத்தவர் வாங்கியவர் கணக்கு ஒரு தெருவுக்குள் இப்படிச் சுற்றிச் சுற்றிக் கலைந்துபோகிறது. யாருக்கு யார் நன்றி சொல்வது? அதனாலோ என்னவோ யாரும் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்த பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு கரண்டியைச் சுரண்டி எடுத்து வேறு கிண்ணத்தில் வைத்து மூடுவதோடு சரி. கடைசிப் பிடிச் சோற்றுக்குத் தயிர் போதாவிட்டாலும் அந்தக் கிண்ணத்தில் கைவைக்க மாட்டார்கள். குழந்தை கேட்டாலும் "அது உறைக்கு" என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்புவதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

அந்தக் கிண்ணத்துக்குள் குடியிருப்பவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்தபோது, 1905இல், தன் நாட்டுத் தயிரிலிருந்து ஒரு நுண்ணுயிரைக் கண்டார். லாக்டோபேசில்லஸ் பல்கேரிக்கஸ் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. கூடவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைத் துணை ஒன்றும் உண்டு. ஒன்று பாலின் புரதத்தை உடைத்து மற்றதுக்கு ஊட்டுகிறது, மற்றது இதன் வளர்ச்சிக்கு வேண்டிய ஃபார்மிக் அமிலத்தைத் தருகிறது. சேர்ந்திருந்தால் இரண்டும் வேகமாக வேலை செய்யும். நம் வீட்டு உறையில் இவற்றோடு இன்னும் பல உறவுக்காரர்கள் உண்டு, வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டுத் தயிரின் மணம் இன்னொரு வீட்டில் வராததற்கு அதுவும் ஒரு காரணம். 2012 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடந்த பல்லுயிர் மாநாட்டின்போது இந்தியாவின் தேசிய நுண்ணுயிராக இந்த லாக்டோபேசில்லஸ்தான் அறிவிக்கப்பட்டது. மயிலுக்கும் புலிக்கும் பக்கத்தில் அரசாங்கமே அதை உட்காரவைத்துவிட்டது. மயிலைப் பார்த்தால் நின்று பார்க்கிறோம், இதை நாள்தோறும் விழுங்கிவிட்டு எழுந்துபோகிறோம்.

இதையெல்லாம் நின்று பார்த்தவர்கள் நம் பழம்புலவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆயர்மகள் விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். மத்தின் ஒலி புலி உறுமுவதுபோல் கேட்கிறது. உறையிட்டு இறுகிய அந்தத் தயிரின் கட்டிகளுக்கு அவர் சொல்லும் உவமை, மண்ணைப் பிளந்து வரும் வெள்ளைக் காளானின் மொட்டு. குளிர்ந்த, ஈரமான, தொட்டால் உடையும் வெண்மை. இதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லிவிடவில்லை. அவள் தலையில் வைத்துக்கொண்டு போகும் மோர்ப்பானையின் வாயில் தெறித்த புள்ளிகளைக்கூட அவர் விடவில்லை. மன்னனைப் பாடி நாடு நகரமெல்லாம் காட்ட வேண்டிய நூல் அது. அதில் பானை விளிம்பில் தெறித்த துளிக்கு இடம் இருந்திருக்கிறது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு இன்னும் நெருங்கி வருகிறது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரை அவள் விரலால் பிசைந்திருக்கிறாள். பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறியிருக்கிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்ந்தது என்பதோடு பாட்டு முடிகிறது. செவிலிக்கு எவ்வளவு கூர்மையான கண் பாருங்கள். அந்த மலர்ச்சி அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதை வரவழைக்கப் பையனுக்கு ஆன செலவு ஒரே ஒரு சொல். அந்தச் செலவுக்கும் யோசிக்கிற நம் காலத்துக் கணவன்மார்களை இங்கே இழுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், பேனா கேட்கமாட்டேன் என்கிறது.

சாப்பிடும் விதத்திலும் நயம் உண்டு. குழைந்த சோறு, அதில் கொஞ்சம் பால், பிறகு தயிர், உப்பு. பால் எதற்கு என்று கேட்பவர்கள் மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். காலையில் புளிக்காத சோறு ஒரு மணிக்குத் திறக்கும்போது சரியான தயிர்சாதமாகியிருக்கும். டப்பாவுக்குள்ளும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கடுகு, இஞ்சி, கிள்ளிப்போட்ட மிளகாய் எல்லாம் ஜோடனை. எனக்கு ஜோடனை பிடிக்கும், ஆனால் வெறும் தயிர்சாதத்தில் நடுவே விரலால் குழித்து, ஒரு ஸ்பூன் வத்தக்குழம்பு ஊற்றி, குழம்பு கரையை உடைத்துக்கொண்டு வழிவதற்குள் எடுத்துச் சாப்பிடுவதற்கு ஈடு கிடையாது. மட்டக்களப்புக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர்களுடையது எருமைத் தயிர், மண்சட்டியில் உறைந்தது. சட்டி கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அகப்பையில் அள்ளினால் மலைபோல் நிற்கும். அதன்மேல் கித்துள் பாணியை ஊற்றித் தின்று பழகியவர்களிடம் உப்பையும் ஊறுகாயையும் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது.

வைணவ உபந்யாசங்களில் ததிபாண்டன் கதையைச் சொல்லுவார்கள். யசோதை துரத்தக் கண்ணன் ஓடிவந்து இந்தத் தயிர்க்காரர் வீட்டுத் தாழிக்குள் ஒளிகிறான். அவள் வந்து கேட்கிறாள், இவர் இங்கே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். கண்ணன் வெளியே விடச் சொல்கிறான். மோட்சம் கொடு, விடுகிறேன் என்கிறார் ததிபாண்டன். சரி என்கிறான். எனக்கு மட்டும் போதாது, இந்தத் தாழிக்கும் வேண்டும் என்கிறார். உயிரில்லாத மண்பாண்டத்துக்கா என்று பெரியவர்கள் இதில் தத்துவம் விரிப்பார்கள். தினமும் தயிர் உறைந்த பாண்டத்தை உயிரில்லாதது என்று அவரால் எப்படி நினைக்க முடியும்? எனக்கு அவரிடம் ஒரே ஒரு குறை. கேட்டதுதான் கேட்டார், முந்தைய நாள் உறைக்கு மோர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். தாழியோடு தாழியாக அவளும் போயிருப்பாள்.