"கை கால் நல்லாத்தானே இருக்கு?": அமெரிக்க நலச் சட்டங்களை வாசித்தல் - சில குறிப்புகள்

சட்டத்தைச் சட்டமாக வாசிக்க வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வரவு-செலவாக வாசிக்கப் பொருளாதாரக்காரர்கள் இருக்கிறார்கள். பிரதியாக வாசிக்கத்தான் ஆள் குறைவு. 2025 ஜூலை 4 அன்று டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தை 'ஒரு பெரிய அழகிய மசோதா' என்ற பெயரில்தான் உலகம் அறியும். அந்தப் பெயர் சட்டத்தில் கிடையாது. வரவு-செலவோடு சம்பந்தமில்லாத எதுவும் இவ்வகை மசோதாவில் இடம்பெறக்கூடாது என்ற விதியைக் காட்டி, செனட்டில் எதிர்க்கட்சித் தலைவர் சக் ஷூமர் ஆட்சேபித்தார், தலைப்பு நீக்கப்பட்டது. துணை அதிபரின் ஒற்றை வாக்கால் 51-50 என்று அங்கே கரையேறியது மசோதா. பெயரைத்தான் வெட்ட முடிந்தது, உள்ளடக்கத்தில் கைவைக்க முடியவில்லை. எதிர்க்கட்சி அரசியலின் இன்றைய கொள்ளளவு என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

எனக்குக் கவனமெல்லாம் வேறொரு பெயர்மீது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், 1965இல் ஜான்சன் காலத்தில் வந்தது. பிற்பாடு விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டின் கீழ் வரும் 19 முதல் 64 வயதுக்காரர்கள் மாதம் 80 மணிநேரம் வேலை, படிப்பு அல்லது பொதுத்தொண்டு செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். மாநிலங்கள் 2027 ஜனவரி 1க்குள் இதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி திரும்பச் சோதிக்கப்படும். இந்தப் பிரிவின் தலைப்பில் 'வேலை' என்ற சொல்லே இல்லை. 'சமூக ஈடுபாடு' என்று போட்டிருக்கிறார்கள். மருந்துச் சீட்டைப் பறிப்பதற்குச் சூட்டிய பெயர் சமூக ஈடுபாடு! ஆனால் ஆதரவாளர்கள் மேடையில் இந்தச் சொல்லைச் சீந்துவதில்லை. அங்கே அவர்கள் சொல்வது 'உடல் வலுவுள்ளவர்கள்'. பிச்சை கேட்டு வருகிறவனிடம் நம்மூர்த் திண்ணைகளில் சொல்லப்படுவதும் அச்சு அசலாக இதுதான்: "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?"

இந்தச் சொல்லுக்கு நெடிய வம்சாவளி உண்டு. 1601இன் ஆங்கிலேய ஏழைகள் சட்டம் ஏழைகளை இரண்டாகப் பிரித்தது: உழைக்க முடியாதவர், உழைக்க முடிந்தவர். 1834இன் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரு கோட்பாட்டையே வகுத்தது. நிவாரணம் பெறுபவனின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். நிவாரணம் என்பது பசியைத் தீர்க்கும் ஏற்பாடு மட்டுமல்ல. கூலிச்சந்தைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடும்கூட. பார்வைச் சிறையை வடிவமைத்த பெந்தம் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் இல்லங்களுக்கும் திட்டம் தீட்டியவர் என்பதை ஃபூக்கோவைப் படிக்கிற நாம் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இந்த உடலுக்கு நிறம் ஏறியது. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோர் காப்பீட்டிலிருந்து விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் விலக்கிவைத்தது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்துவந்த வேலைகள் அவைதான். அதே சட்டத்தில், தந்தையின் ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவித்தொகையும் இருந்தது. வீட்டில் இருந்து பிள்ளையைக் கவனிக்கும் தாய் என்று அதில் கற்பிதம் செய்யப்பட்டவள் வெள்ளைக்கார விதவை. கறுப்புத் தாய்க்கு அந்தக் கற்பிதத்தில் இடமில்லை. லூசியானா மாநிலம் 1943இல் ஒரு விதி கொண்டுவந்தது: பருத்தி வயலில் ஆள் தேவைப்படும் காலத்தில் 'வேலைக்குத் தகுதியான தாய்க்கு' உதவித்தொகை கிடையாது. ஒருத்தி தாயா, உடலா என்று பருத்திக் காய் வெடிக்கிற பருவம் தீர்மானித்தது. வேறு மாநிலங்களில் நள்ளிரவில் கதவைத் தட்டி உள்ளே ஆண் யாரும் இருக்கிறானா என்று தேடினார்கள். அலபாமாவின் 'பதிலித் தந்தை' விதியை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்ய 1968 ஆகிவிட்டது.

1976 தேர்தல் பிரச்சாரத்தில் ரொனால்ட் ரீகன் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிந்தார். சிகாகோவில் ஒரு பெண், 80 பெயர்கள், 30 முகவரிகள், வருடத்துக்கு வரியில்லா வருமானம் ஒன்றரை லட்சம் டாலர். உண்மையில் ஒரு மோசடிக்காரி இருந்தாள். 1977இல் தண்டிக்கப்பட்டாள். நிரூபணமான தொகை ரீகன் சொன்னதில் ஒரு துணுக்கு. அது கிடக்கட்டும். ஒருத்தியின் மோசடியிலிருந்து ஒரு வகைமாதிரி பிறந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ரீகன் அவள் பெயரையும் சொல்லவில்லை, நிறத்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொண்டார். வாசகரை இவ்வளவு நம்பிய கதையாடல் நவீன இலக்கியத்திலேயே அபூர்வம்! தமிழில் 'நலம்' என்ற சொல்லில் இன்னும் அழுக்குப் படியவில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் 'வெல்ஃபேர்' என்பது அப்போதே வசையாகத் திரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பவர்கள் 'நல உதவி' என்று எழுதும்போது அந்த நாற்றம் தமிழுக்குள் வராமல் போய்விடுகிறது.

வசையைச் சட்டமாக்கியது ரீகன் அல்ல. அதைச் செய்தவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன். 'நாம் அறிந்த வெல்ஃபேருக்கு முடிவு கட்டுவேன்' என்று 1992இல் வாக்குக் கேட்டவர், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை அனுப்பிய இரண்டு வடிவங்களை நிராகரித்துவிட்டு மூன்றாவதில், 1996 ஆகஸ்ட் 22 அன்று, கையெழுத்துப் போட்டார். சட்டத்தின் பெயரிலேயே 'தனிநபர் பொறுப்பு' வருகிறது. அதன் முதல் கண்டறிதல் வறுமையைப் பற்றியது அல்ல, கூலியைப் பற்றியது அல்ல: வெற்றிகரமான சமூகத்தின் அஸ்திவாரம் திருமணம் என்று ஆரம்பிக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் குடும்ப ஒழுக்கமாக உருமாறிவிட்டது.

61 வருடம் இருந்த சட்ட உரிமை அன்றோடு போயிற்று. அதற்குப் பதில் மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 1,650 கோடி டாலர் மொத்த மானியம். விலைவாசி ஏறினாலும் ஏறாத தொகை. ஒருவர் வாழ்நாளில் ஐந்தாண்டுக்கு மேல் மத்திய நிதியிலிருந்து பெறக்கூடாது. சட்டபூர்வமாக வந்த குடியேறிகளுக்கும் பெரும்பாலான உதவிகள் முதல் ஐந்தாண்டுக்கு இல்லை. 1996இல் குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்கள் நூற்றில் 68க்கு இந்த உதவி கிடைத்தது. 2020இல் 21க்கு. பட்டியல் சுருங்கியதை வெற்றி என்று அறிவித்தார்கள். நோயாளியை வார்டிலிருந்து விரட்டிவிட்டு நோய் குறைந்தது என்று கணக்குக் காட்டுகிற மாதிரி.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சுகாதாரத் துறையில் உயர்பதவியில் இருந்த பீட்டர் எடெல்மன் ராஜினாமா செய்தார். கிளிண்டன் தம்பதிக்கு நெடுநாள் நண்பர் அவர். 1997இல் 'அட்லாண்டிக்' இதழில், கிளிண்டன் செய்த காரியங்களிலேயே மோசமானது இது என்று எழுதினார். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியினர் சரிபாதியாகப் பிளந்தார்கள்: ஆதரவாக 98 பேர், எதிராக 98 பேர்.

"ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் சார்" என்று தோழர்கள் சிலர் இந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். அவ்வளவு சுலபமாக முடித்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். 2025 மசோதாவுக்கு இரு அவைகளிலும் ஒரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. வாக்கு வேறு. ஆனால் சொல்லாடல்? அங்கேதான் சிக்கல். வேலை நிபந்தனைக்கு எதிராகத் தாராளவாதிகள் சளைக்காமல் சொன்ன வாதம் என்ன? "மெடிக்கெய்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள்." புள்ளிவிவரப்படி உண்மைதான். ஆனால் இந்த உண்மையைச் சொல்லும் கணத்திலேயே எதிராளியின் களத்துக்குள் போய்விடுகிறோம். வேலை செய்யாதவர்? வேலை கிடைக்காதவர், சும்மா இருக்க விரும்புபவர், இன்னதென்று மருத்துவர் பெயர் வைக்காத சோர்வில் கிடப்பவர் - இவர்களுக்கு இன்சுலின் வேண்டாமா? கூலியுழைப்பே மனிதத் தகுதி என்ற கருத்தியல் மேலாண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு, விதிவிலக்குகளுக்காகப் பேரம் பேசுகிற அரசியல் இது. 1996இல் கிளிண்டன் கடன் வாங்கிய மொழிக்கு அவர் கட்சி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

நடைமுறையைப் பார்த்தால் 'வேலை' என்பதுகூட நிபந்தனை அல்ல என்பது தெரியும். கிளிண்டன் ஆளுநராக இருந்த அர்கன்சாஸ் மாநிலம் 2018 ஜூனில் இதைச் சோதித்துப் பார்த்தது. மாதாமாதம் 80 மணிநேரத்தைக் கணினி வழியே பதிவு செய்ய வேண்டும். அந்த இணையவாசல் தினமும் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். கூலிவேலை முடிந்து வருகிறவன் உட்காரும் நேரத்தில் வாசல் சாத்தியிருக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் திட்டத்தைச் செல்லாது என்றார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து அதே ஆண்டு வெளியிட்டார்கள்: வேலைவாய்ப்பு ஏறவில்லை, நிபந்தனைக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அதைப் பூர்த்தி செய்தவர்கள் அல்லது விலக்குப் பெற வேண்டியவர்கள்.

அப்படியானால் இவர்கள் எதில் தோற்றார்கள்? எழுத்தில். உழைத்தார்கள், உழைப்பைப் பிரதியாக்கத் தவறினார்கள். ஏழை தன்னைத்தானே மாதந்தோறும் எழுதி அதிகாரத்தின் முன் சமர்ப்பிக்க வேண்டும். எழுத்து தவறினால் உடல் தண்டனை பெறும். படிவம் நிரப்பும் உழைப்பு அந்த 80 மணிநேரத்தில் சேராது. 2025 சட்டத்தால் 2034க்குள் கூடுதலாக ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று நாடாளுமன்ற வரவு-செலவு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது. சட்டம் காட்டும் 'சேமிப்பு' இவர்கள் விழுவதிலிருந்துதான் வருகிறது. யாரும் விழவில்லை என்றால் சேமிப்பும் இல்லை. படிவத்தின் குழப்பத்தை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மேலே உள்ளவனுக்குப் படிவம் கிடையாது. மிசிசிப்பி மாநிலத்தில் 1996 சட்டத்தின்கீழ் மூன்று பேர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு 2021 வரை அதிகபட்ச உதவி மாதம் 170 டாலர். அதே நிதியிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து அரங்கத்துக்கு 50 லட்சம் டாலர் போனது. 2020இல் தணிக்கையில் வெளிவந்தது. துறையின் தலைவராக இருந்தவர் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் 'ராஜா' என்று பட்டம் கட்டவில்லை. மொத்த மானியம் என்ற கட்டமைப்பு, பணம் போன வழியைக் கேட்பதில்லை. அதைப் பெறும் தாயின் வழியைத்தான் கேட்கிறது.

ஜானி டில்மன் என்ற பெயர் தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை, பேசப்பட வேண்டும். 1926இல் அதே அர்கன்சாஸில் குத்தகை விவசாயி மகளாகப் பிறந்தவர். பருத்தி பறித்தவர். பின்பு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஒரு சலவை நிலையத்தில் சட்டை தேய்த்தவர், அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. ஆறு பிள்ளைகள். உடம்புக்கு முடியாமல் போய் உதவித்தொகைக்குப் போக நேர்ந்தது. 1963இல் வாட்ஸ் பகுதித் தாய்மார்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார். 1972இல் தேசிய நல உரிமை அமைப்பின் செயல் இயக்குநரானார். அதே ஆண்டு 'மிஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது, நான் மேலே கோட்பாட்டுச் சொற்களில் சுற்றி வளைத்ததைவிடத் துல்லியம். உதவித்தொகை என்பது ஒரு திருமணம் மாதிரி, ஓர் ஆணை விட்டுவிட்டு அரசு என்ற ஆணைக் கட்டிக்கொள்வது. நீ அவனை விவாகரத்து செய்ய முடியாது, அவன் உன்னைத் துரத்தலாம். தான் அதிபரானால் இந்த 'நெருக்கடியை' ஒரு நிமிடத்தில் தீர்ப்பேன் என்றார்: பெண்கள் வீட்டில் செய்வதும் வேலைதான் என்று ஒரு பிரகடனம், அதற்குக் கூலி.

"கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் "நாங்களும் வேலைக்குப் போகிறோம்" என்பதல்ல. எது வேலை என்று நீ யார் தீர்மானிக்க என்பது. தாராளவாதிகளுக்குக் கைவராத இடம் இது. அவர் 1995 நவம்பரில் இறந்தார், கிளிண்டன் கையெழுத்திடுவதற்கு ஒன்பது மாதம் முன்பு.

2025 சட்டத்திலும் தாய்மைக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையைப் பராமரிப்பவர் மணிக்கணக்குக் காட்ட வேண்டியதில்லை. உணவு உதவிக்கும் இதே வரம்புதான். அங்கே நிபந்தனை பொருந்தும் வயதை 54இலிருந்து 64க்கு உயர்த்தியும் விட்டார்கள், வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இருந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பதினான்காவது பிறந்தநாள் வருகிற அன்று, முந்தைய நாள்வரை தாயாக இருந்தவள் உடல் வலுவுள்ளவள் ஆகிறாள்.