புழல் ஏரியில் உப்பு ஏது?

அண்மையில் நடந்த ஒரு மாதிரி விமானக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது, 1/72 அளவில் செய்த கேட்டலினா பறக்கும் படகு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 44 சென்டிமீட்டர். பீடத்தில் ‘240ஆம் ஸ்குவாட்ரன், ரெட்ஹில்ஸ் லேக், மதராஸ்’ என்று எழுதியிருந்தது. மணலியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பக்கத்து ஊர் விமானம். 1942 முதல் போர் முடியும் ஆண்டு வரை பிரிட்டிஷ் விமானப்படையின் அந்தப் பிரிவு ரெட்ஹில்ஸ் லேக் எனப்பட்ட புழல் ஏரியில் இறங்கி, ஏரியிலிருந்தே எழும்பி, வங்கக் கடலுக்கு மேல் ரோந்து போனது. ஆவலோடு குனிந்து பார்த்தேன். அடிவயிற்றில் நீர்மட்டம் தொடும் இடம் நெடுக வெள்ளை வெளேரென்று உப்புக் கறை. தகடுகள் சேரும் இடமெல்லாம் கறுப்புக் கோடு. கதவோரம் செம்பழுப்புத் துரு வழிந்திருந்தது.

உப்புக் கறையைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். மாதிரிக்கு அழுக்கும் தேய்மானமும் தீட்டும் வெதரிங் என்பது கலை, கலையிடம் சான்று கேட்கக் கூடாது என்று பதில் வந்தது. எனக்குச் சினமூட்டியது கறையைவிட இந்தப் பதில்தான்.

வெதரிங் வேண்டாம் என்பவன் அல்ல நான். கிட்டைப் பிரித்து ஒட்டி, ஏர்பிரஷ்ஷால் ஒரே சீராக வண்ணம் அடித்து நிறுத்தினால் அது பொம்மையாகத்தான் தெரியும். வெயிலில் வெளுத்த மேல்பரப்பும், எஞ்சினுக்குப் பின்னால் படிந்த புகையும் வந்த பிறகுதான் அதற்கு எடையும் வயதும் வருகின்றன. பரிசு பெற்றவரின் கைத்திறனையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பொறுமை எனக்கு வராது.

ஆனால் இந்தக் கலை விமானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. ஒரு மாதிரியைப் பார்த்து அடுத்த மாதிரி செய்கிறார்கள். பெல்ஜியத்தின் மாதிரிக் கலைஞர் பிரான்சுவா வெர்லிண்டன் வாஷ், டிரை பிரஷ் என்ற தீட்டும் உத்திகளைப் பரப்பியபோது அவை கண்ணுக்குக் கிடைத்த கருவிகள். இன்று ஸ்பெயின் நாட்டுக் கம்பெனிகள் துருவையும் தூசியையும் சேற்றையும் தனித்தனிக் குப்பியில் அடைத்து விற்கின்றன. குப்பியைத் திறந்தால் அழுக்கு தயார். அது எந்த ஊர் அழுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

மணலியில் வளர்ந்தவனால் கேட்காமல் இருக்க முடியாது. 1969இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது; அதைச் சுற்றி உரமும் பெட்ரோ கெமிக்கலும் வந்தன. எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் ஒட்டுவது பிசுபிசுப்பான கரி. எண்ணூர்ப் பக்கம் போனால் அதே விளிம்பில் மாவு போன்ற சாம்பல்; ஊதினால் பறந்துவிடும். திருவொற்றியூர் கடற்கரை வீடுகளின் இரும்புக் கம்பி கடலைப் பார்த்த பக்கம்தான் முதலில் செதில் செதிலாக உரியும். சில கிலோமீட்டருக்குள் மூன்று விதம். அந்த வீடுகளின் அலுமினியச் சட்டத்தைப் பாருங்கள்: துரு இருக்காது, வெள்ளையாகப் பூத்திருக்கும். கேட்டலினாவின் உடல் அலுமினியக் கலவை. கதவோரத்துச் செம்பழுப்பு எந்த இரும்பிலிருந்து வழிந்தது?

கறுப்புக் கோடுகள் என் பழைய வழக்கு. மாதிரியில் ஒரு கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 72ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். உண்மை விமானத்தின் தகடுகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி! தண்ணீரில் மிதக்க வேண்டிய உடலில் அப்படி இருந்தால் கேட்டலினா ஏரிக்குள் போயிருக்கும். இறக்கையின் பின்பகுதியும் சுக்கான்களும் துணி போர்த்தியவை. அங்கே தகடே கிடையாது. அந்தத் துணியிலும் உலோகம் தெரிய வண்ணம் உரிந்ததுபோல் வெள்ளிக் கீறல் போட்டிருந்தார்.

உப்புக்கு வருகிறேன். கடலுக்கு மேல் பறக்கும் விமானத்தில் உப்பு படியும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டலினா திரும்பி வந்து இறங்கியது சென்னை குடிக்கும் தண்ணீரில். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எழும்பும்போதும் அதன் அடிவயிறு நன்னீரில் கழுவப்பட்டது. எங்கே உப்பு நிற்கவே முடியாதோ, சரியாக அங்கேயே உப்பைத் தீட்டியிருக்கிறார். ஏரியில் கட்டிக் கிடந்த படகில் நிற்பது பாசியும் வண்டலும்தான். செங்குன்றம் போய் ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தைப் பார்த்துச் செய்தோம் என்பார்கள். அதிலும் ஒரு கோளாறு உண்டு. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்த டியூ-142 ரோந்து விமானம், 2017இல் ஓய்வுபெற்று, இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது. கடற்காற்றில் அசையாமல் நிற்கும் விமானம் சிதைவது ஒரு விதம். தினம் பறந்து, திரும்பி வந்ததும் கழுவித் துடைக்கப்படும் விமானம் அழுக்காவது வேறு விதம். முதலாவதைப் பார்த்து இரண்டாவதைத் தீட்டினால், துடைத்த கைகள் படத்திலிருந்தே காணாமல் போகின்றன. புழலில் அந்த வெயிலில் இறக்கைமேல் ஏறி நின்று வேலை செய்த மெக்கானிக்குகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கால் வைத்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும், எண்ணெய் ஊற்றிய வாயைச் சுற்றிக் கறை இருக்கும். பரிசு பெற்ற மாதிரியில் இறக்கை முழுக்க ஒரே தேய்மானம். அதில் யாரும் நடக்கவில்லை, யாரும் வேலை செய்யவில்லை.

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்பது தெரிகிறது. கற்பனையாக ஒரு விமானம் செய்து எப்படி வேண்டுமானாலும் தீட்டுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். பீடத்தில் ஓர் ஏரியின் பெயரை எழுதிய பிறகு அந்த ஏரியின் தண்ணீருக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நடுவர்கள் முதலில் பார்த்திருக்க வேண்டியது அந்தப் பெயரை.

அந்தக் கேட்டலினா என் மேசைக்கு வந்தால், வெள்ளைக் கோட்டை முழுக்கத் துடைத்தெடுப்பேன். நீர்மட்டத்தில் மயிரிழை அகலத்துக்குப் பாசிப் பச்சை. எஞ்சின்களுக்குப் பின்னால், இறக்கையின் மேற்புறத்தில், ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த வெளிர் சாம்பல் நிறப் புகை. மற்ற இடங்களில் வெயில் மட்டும்.