கிளென் கூல்ட் போற்றிய பியானோ

கச்சேரிப் பியானோவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மண்டபத்தை நிரப்பும் அதன் நாதத்தையே போற்றுவர். கனடா நாட்டு இசைக்கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982) தேடியதோ வேறு. டொராண்டோவில் அவர் கண்டெடுத்த ஸ்டைன்வே சிடி 318 என்னும் பியானோவின் கட்டைகள் விரல் பட்டவுடன் இணங்கின. அவை இன்னும் இலகுவாக இயங்குமாறு மாற்றங்களும் செய்வித்தார். பாக் இயற்றிய பல குரல் இசையில் எக்குரலும் மற்றொன்றை மறைத்தலாகாது என்பதே அவர் நோக்கம். (ஆலய ஆர்கனில் அவ்விசையை வாசித்தோர் இக்கவலையை அறிவர்.)

இம்மாற்றங்களால் குறையொன்றும் நேர்ந்தது. 1964இல் பதிவான பாக்கின் ‘இன்வென்ஷன்கள்’ இசைத்தட்டில், மெதுவான பகுதிகளில் நடு ஸ்தாயிச் சுரங்கள் சில விக்குவதுபோல் ஒலிக்கின்றன. கூல்ட் இதை மறைக்கவில்லை. இசைத்தட்டுடன் வந்த குறிப்பில் தாமே எடுத்துரைத்து, அவ்வாறே வெளிவர விட்டார். விரைவான பகுதிகளைக் கேட்கையில் அவர் தெரிவு சரியென்றே சொல்லவேண்டும், அத்தனை தெளிவு! துயர் தோய்ந்த எஃப் மைனர் சின்ஃபோனியாவில் மட்டும், இன்னும் நீடித்து நிற்கும் நாதத்திற்கு என் செவி ஏங்குகிறது.

1971இல் இடம் மாற்றுகையில் அப்பியானோ விழுந்து, அதன் இரும்புச் சட்டம் விரிசல் கண்டது. செப்பனிட்ட பின்னும் பழைய இணக்கம் மீளவில்லை. எனினும் பல ஆண்டுகள் அதையே வாசித்தார். 1981இல் பாக்கின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ இசையை மீண்டும் பதிவு செய்தபோது அவர் வாசித்தது யமஹா பியானோ.